விறகு விலைக்குப் போன பலாமரம்

தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. பண்ருட்டிக்கு அருகே செம்மண் மேட்டில் எங்கள் ஊர். காற்று அடங்கிக் கதவைத் திறந்தபோது முந்திரிக்காடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் தாத்தா வைத்த இரண்டு பலாமரங்களும் வேர் மேலே தெரியச் சாய்ந்து கிடந்தன. அம்மா ஒரு மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

சில நாட்களில் விறகு வியாபாரிகள் லாரியோடு வந்தார்கள். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது விலை பேச யாருக்கு நா எழும்? முந்திரியையும் பலாவையும் ஒன்றாகவே மூன்றடித் துண்டுகளாக அறுத்தார்கள், எடை போட்டார்கள், ஏற்றிச் சென்றார்கள். கொடுத்த பணத்தை அப்பா எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது உறவினர் திருமணத்துக்காகத் தஞ்சாவூர் போனேன். முகூர்த்தம் முடிந்ததும், வீணை செய்யும் பட்டறை ஒன்றைப் பார்த்துவரக் கிளம்பினேன். கட்டையைக் குடைந்துகொண்டிருந்த பெரியவர், "எந்த ஊரம்மா?" என்று கேட்டார். பண்ருட்டி என்றேன். உளியைக் கீழே வைத்துவிட்டு, "இதுவும் உங்கள் ஊர் மரம்தான்" என்று அந்தக் கட்டையைத் தட்டிக் காட்டினார். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாமரம்தான் உடம்பு. அதிலும் எங்கள் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. முழு வீணையையும் ஒரே கட்டையில் குடைந்தெடுப்பதை ஏகாந்த வீணை என்பார்கள். அதற்கு நான்கு அடிக்கு மேல் நீளமுள்ள, வெடிப்பில்லாத, வைரம் பாய்ந்த அடிமரம் வேண்டும். "மூன்றடியாக நறுக்கிவிட்டால் எங்களுக்கு ஆகாதம்மா" என்றார் அவர்.

அன்று இரவு பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்குத் தூக்கமில்லை. புயல் எங்கள் மரத்தைச் சாய்த்தது, அவ்வளவுதான். அதை விறகாக்கியது எங்கள் அறியாமை. அடிமரத்தை நீளமாக விட்டு வெட்டுங்கள், இதை வாங்குகிற ஆட்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள் என்று சொல்ல ஒருவர் அன்று எங்கள் ஊரில் இல்லை.

காடுசார் உயிரிப் பொருளாதாரம் என்று இன்றைக்குப் பாடத்திட்டங்களில் வரும் பெரிய சொல்லை நான் அந்தப் பட்டறையிலிருந்துதான் புரிந்துகொண்டேன். ஒரு மரம் போய்ச்சேரக்கூடிய வாசல்கள் எத்தனை, எந்த வாசலுக்கு அனுப்பினால் மண்ணும் கெடாது, வளர்த்தவருக்கும் உரிய பணம் வரும் என்று கண்டறிகிற படிப்பு அது. இந்தப் படிப்பில் சேர்ந்த, சேர நினைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: வேலை கிடைக்குமா? கிடைக்கும். நான் எங்கெங்கே வேலை பார்த்தேன், எதில் தவறினேன் என்று எழுதினால் அவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அரசுத் தேர்வுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வனவியல் படித்தால் காக்கிச் சட்டைதான் என்று எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். இந்திய வனப்பணித் தேர்வுக்கு ஐ.ஏ.எஸ்.ஸுக்கு உள்ள அதே முதல்நிலைத் தேர்வுதான் வாசல். வனவியல் பட்டம் மட்டுமல்ல, தாவரவியல், வேதியியல், கணிதம், பொறியியல் போன்ற பட்டங்களோடும் எழுதலாம், எனவே போட்டி கடுமை. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு இருக்கிறது. கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் போன்ற மத்திய ஆய்வு நிறுவனங்களில் விஞ்ஞானியாக வேண்டுமென்றால் முதுகலையும் அதற்கு மேலும் படிக்க வேண்டும். நான் இரண்டு ஆண்டு தேர்வு எழுதினேன், தேறவில்லை. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்வேன்: படிக்கிற காலத்திலேயே வாரத்துக்கு ஒரு நாளாவது நாற்றங்காலிலோ மரக்கடையிலோ நில்லுங்கள். நான் அந்த இரண்டு ஆண்டும் அறையை விட்டு வெளியே வரவில்லை. கல்லூரியில் பழகியிருந்த கையும் கண்ணும் அதற்குள் மழுங்கிப் போயிருந்தன.

முதல் வேலை, காகித ஆலை ஒன்றின் பண்ணைக்காடு வளர்ப்புப் பிரிவில். விவசாயிகளுக்குச் சவுக்குக் கன்றும் தைலமரக் கன்றும் கொடுத்து, வளர்ந்த பிறகு மரத்தை ஆலையே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. கடலூர் கடற்கரை மணலில் சவுக்கு நன்றாக வரும். அதன் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அதனால்தான் சத்தில்லாத மணலிலும் அது தழைக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டலாம். புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலர் முந்திரியை விட்டுச் சவுக்குக்கு மாறியதற்குக் காரணம் இந்தக் குறுகிய கால வருமானம்தான். முந்திரி வைத்தால் பலன் கண்ணில் படவே சில ஆண்டுகள் ஆகும், அதுவரை அடுப்பெரிய வேண்டுமே.

வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். சித்தப்பா தன் ஒரு காணிச் சவுக்கை மொத்தமாக விலை பேசி விற்க முடிவு செய்தார். வியாபாரி தோப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சித்தப்பா என்னைத் தனியே அழைத்து, "நீதான் இதற்கென்றே படித்திருக்கிறாயே பாப்பா, எத்தனை டன் வரும், சொல்லு" என்றார். பாடப்புத்தகத்தில் படித்த ஏக்கர் சராசரியை மனத்திலேயே பெருக்கி ஐம்பது டன் என்றேன். அவர் அதை நம்பி விலையை முடித்தார். வெட்டி ஏற்றிய பிறகு எடைமேடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் அறுபத்து நான்கு. பதினான்கு டன் மரம் என் வாய்வார்த்தையால் கையை விட்டுப் போயிற்று. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வியாபாரியின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. பள்ளிக்கூடம் தாண்டாத அவர் இருபது ஆண்டு தோப்புத் தோப்பாக நடந்து கண்ணாலேயே எடை போடக் கற்றிருந்தார். பட்டம் வாங்கிய நான் ஒரு நாடாவை எடுத்து அளக்கவில்லை.

அந்த வாரமே அளக்கத் தொடங்கினேன். முறை எளியது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் என்பது இரண்டரை சென்ட்டுக்குச் சற்றே குறைவு. ஏக்கரில் ஏறத்தாழ நாற்பது சதுரங்கள் அடங்கும். எங்கள் பக்கத்துக் காணி 132 சென்ட், அதில் ஐம்பத்து மூன்று அடங்கும். தோப்பின் நல்ல பகுதி, நடுத்தரப் பகுதி, நோஞ்சான் பகுதி என்று நான்கைந்து இடங்களில் சதுரம் போட்டு, உள்ளே உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணி, ஒவ்வொன்றின் சுற்றளவையும் மார்பு உயரத்தில் எடுக்க வேண்டும். இந்தியாவில் மார்பு உயரம் என்பது 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. ஐரோப்பிய நூல்களில் 1.3 மீட்டர் என்று இருக்கும், இரண்டையும் கலக்கக் கூடாது. பிறகு சிறிய மரம் ஒன்று, நடுத்தர மரம் ஒன்று, பெரிய மரம் ஒன்று என வெட்டி, கழியைத் தனியாகவும் மிலாறு எனப்படும் சிறு கிளைகளைத் தனியாகவும் எடை போட்டால் கணக்கு கைக்கு வந்துவிடும். சவுக்கு நட்டது 1.5 மீட்டர் இடைவெளியில் என்றால் ஏக்கருக்கு 1,800 கன்று. ஆனால் நட்ட கணக்கை வைத்துப் பேசவே கூடாது, நிற்கிற மரத்தை எண்ண வேண்டும். அரை நாள் வேலை இது. அடுத்த ஆண்டு எங்கள் தெருவில் ஆறு பேர் இப்படி அளந்த பிறகுதான் விலை பேசினார்கள்.

ஈரத்தின் கணக்கை அதற்கு அடுத்ததாகக் கற்றேன். பச்சையாக வெட்டிய நூறு கிலோ மரத்தில் நாற்பத்தைந்து கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐம்பத்தைந்து கிலோதான் மரம். அது காய்ந்து ஈரம் முப்பது சதவீதத்துக்கு இறங்கும்போது மொத்த எடை எழுபத்தொன்பது கிலோவுக்குக் கீழே போய்விடும். மரம் அதே மரம்தான், எடையில் ஐந்தில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. லாரி வராமல் வெட்டிய கழி வரப்பில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் விவசாயியின் பணம் ஆவியாகிறது. லாரியும் எடைமேடையும் உறுதியாகாமல் அரிவாளை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லும்போது சிலர் சிரித்தார்கள், வெயில் காலத்தில் ஒரு முறை பட்டவர்கள் சிரிக்கவில்லை. இந்தக் கணக்கை ஒரு மாணவர் தாளில் போட்டுக் காட்டினால் நேர்முகத் தேர்வில் பாதி வேலை முடிந்தது. நான் இப்போது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்காரும்போது கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

தேக்கு போன்ற தடிமரங்களில் இன்னொரு கணக்கு உண்டு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மரக்கடைகளில் பழைய வழக்கம். உருண்டையான மரத்தின் உண்மையான கன அளவில் இது 78.5 சதவீதம்தான் காட்டும். அறுக்கும்போது கழிவு போகும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம், மோசடி இல்லை. ஆனால் விற்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரிடம் அதற்கு மேலும் பட்டைக்கு என்று ஒரு கழிவு, ஓட்டைக்கு என்று ஒரு கழிவு விழும்.

மூன்று ஆண்டு கழித்துப் புதுச்சேரிக்கு வந்தேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தத் துறை மாணவருக்குப் புதுச்சேரியைப் போல் ஒரு பள்ளிக்கூடம் அருகில் வேறெங்கும் இல்லை. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரிகளின் பெரிய சேகரிப்பு இருக்கிறது, மகரந்தத் தூள் சேகரிப்பு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவர வரைபடங்கள் அங்கே உருவானவை. காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை இருக்கிறது. 1968இல் தொடங்கிய ஆரோவில், மழைநீர் அரித்துப் பள்ளத்தாக்குகளாகக் கிடந்த செம்மண் மேட்டைக் காடாக்கிய இடம். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குள் நுழைந்தால் கருங்காலியும் வீரையும் காசானும் பாலையும் நிற்கின்றன. நம் கடற்கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பிழைத்தது.

அங்கே எனக்கு வாய்த்தது, மரங்களில் சேரும் கார்பனை அளக்கும் ஒரு திட்டத்தில் களப்பணி. முதல் நாளே மூத்த தாவரவியலாளர் ஒருவர் கையில் இலையைக் கொடுத்து, "இது என்ன?" என்று கேட்டார். பெயர் தெரியவில்லை. "தெரியாது என்று சொன்னது நல்லது. தெரியாததற்குப் பெயர் வைத்துவிட்டால்தான் கணக்கு முழுவதும் கெடும்" என்றார். தாவரப் பெயரை இலையில்லாத காலத்தில் பட்டையைக் கீறி, வாசனை பார்த்து, அறிவியல் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் சொல்லக் கற்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. செயற்கைக்கோள் படம் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் தெரியும் பச்சை எந்த மரம் என்று இறங்கிப் போய்ச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. இரண்டும் தெரிந்தவரை யாரும் விடமாட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் நடந்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். களத்தில் தற்காலிகமாகச் சேர்ந்த பிள்ளைகள் நாடாவால் சுற்றளவை அளந்து, படிவத்தில் விட்டம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டார்கள். சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். மரத்தின் நிறையைக் கணக்கிடும் சூத்திரத்தில் விட்டத்தின் அடுக்கு இரண்டுக்கு மேல், அதாவது விட்டத்தை அதனாலேயே பெருக்கினால் வருவதைவிடவும் வேகமாக நிறை ஏறும். விளைவு, அந்தத் துண்டு நிலத்தின் கார்பன் பத்து மடங்குக்கும் மேல் வீங்கிவிட்டது. படிவத்தை வடிவமைத்தது நான். அலகையும், எதை அளக்க வேண்டும் என்பதையும் நான் தெளிவாகத் தமிழில் எழுதியிருக்க வேண்டும், ஆங்கிலச் சுருக்கெழுத்தில் விட்டிருந்தேன். ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்தோம். அன்றிலிருந்து என் படிவங்கள் எல்லாம் தமிழில், மேலே ஒரு மரத்தின் படம் வரைந்து, நாடாவை எங்கே சுற்ற வேண்டும் என்று காட்டிய பிறகே களத்துக்குப் போகின்றன. நாளின் முடிவில் அனைவரும் உட்கார்ந்து அன்றைய எண்களைக் கண்ணால் ஒரு முறை ஓட்டுகிறோம். வேப்பமரத்துக்கு ஒன்றரை மீட்டர் விட்டம் என்று இருந்தால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்கள்.

கார்பன் பற்றி மாணவர்களிடம் பேசும்போது நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன், கணக்கில் 0.47 என்று எடுத்துக்கொள்வார்கள். அதை 44/12ஆல், அதாவது 3.67ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு வரும். மேலே சொன்ன ஐம்பத்தைந்து கிலோ காய்ந்த மரம் ஏறத்தாழ தொண்ணூற்றைந்து கிலோ கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. இது வரைக்கும் கணக்கு. ஆனால் மூன்று ஆண்டில் வெட்டிக் காகிதமாகவோ விறகாகவோ போகும் சவுக்கில் அது எவ்வளவு காலம் தங்கும்? வீட்டுக்கூரையில் உத்தரமாக நிற்கும் மரத்திலும் வீணையாக ஒலிக்கும் மரத்திலும் பல தலைமுறை தங்கும். இதைச் சொல்லாமல், மரம் வைத்தால் கார்பன் பணம் கொட்டும் என்று விவசாயியிடம் வாக்குக் கொடுக்கிற வேலைக்கு யாரும் போகாதீர்கள். எனக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது, சம்பளம் நன்றாகவே இருந்தது. சித்தப்பாவின் பதினான்கு டன் நினைவில் இருந்ததால் மறுத்துவிட்டேன்.

மரம் நடுவதிலும் இதே நேர்மை வேண்டும். பிச்சாவரத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பாருங்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலம். அங்கே முற்காலத்தில் பகுதி பகுதியாகக் காட்டை முழுவதும் வெட்டியதால் நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து, நடுவில் குழிந்து, கடல்நீர் தேங்கி, உப்பு ஏறி, அலையாத்தி வளராமல் போயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன் முள்ளைப் போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டி, அலைநீர் வந்து போக வழி செய்தார்கள். நீரோட்டம் சரியானதும் நட்டவை பிழைத்தன. கன்று எண்ணிக்கையைக் காட்டிப் புகைப்படம் எடுப்பவர்களிடமிருந்து இந்தத் துறை மாணவர் வேறுபட வேண்டிய இடம் இது. நடுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த தில்லை மரமும் அந்தச் சதுப்பில்தான் நிற்கிறது. கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த மரத்தைப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தொட்டுப் பார்க்க வேண்டாம்.

இப்போது நான் பண்ருட்டிப் பக்கத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறேன். முந்திரி, பலா, சவுக்கு மூன்றும் எங்கள் வேலை. இந்தத் துறையில் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முந்திரித் தொழிற்கூடம் ஒன்றில் ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும். பருப்பு மட்டும்தான் முந்திரி என்று நினைத்திருப்பீர்கள். ஓட்டிலிருந்து பிழியும் எண்ணெயிலிருந்து வரும் கார்டனால் என்ற வேதிப்பொருள், வண்ணப்பூச்சுக்கும் வாகனங்களின் பிரேக் உராய்வுப் பொருளுக்கும் போகிறது. பிழிந்த ஓடு எரிபொருள். அந்த எண்ணெய் தோலை அரிக்கும். ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். நல்ல கையுறையும் காற்றோட்டமும் வாங்கித் தர முடியாதவர் அந்தத் தொழிலில் இறங்கக் கூடாது என்பது என் எண்ணம். முந்திரிப் பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. பருவம் குறுகியது, பறித்த பழம் ஒரு நாள்கூடத் தாங்காது, தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பை நீக்க வேண்டும். இதைத் தீர்க்க உணவுத் தொழில்நுட்பம் படித்த ஒருவரும் நம் துறையில் படித்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் நடக்கும் என்று நம்புகிறேன். எங்கள் நிறுவனத்தில் சிறிய அளவில் சாறு எடுக்க முயன்றுகொண்டிருக்கிறோம்.

சட்டம் படிக்க வேண்டும் என்று யாரும் எனக்குக் கல்லூரியில் அழுத்திச் சொல்லவில்லை. களத்தில் விவசாயி கேட்கும் பத்துக் கேள்விகளில் நான்கு சட்டக் கேள்விகள். சொந்த நிலத்தில் சந்தனமரம் வளர்த்தால் அது யாருடையது? தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வளர்த்தவருடையது, ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017இல் இந்திய வனச் சட்டத்தின் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கினார்கள். எந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், எதை ஏற்றிச் செல்லச் சீட்டு வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லாரி சோதனைச் சாவடியில் நிற்கும்போது தேடக் கூடாது.

வெளிநாட்டுச் சட்டமும் இப்போது நம் தோப்பு வரை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு விதியின்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்திலிருந்து வந்த மரமோ காப்பியோ ரப்பரோ அங்கே விற்க முடியாது. விளைந்த நிலத்தின் ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுக்க வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமென்றால் எல்லையையே வரைந்து தர வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனாலும், மரச்சாமான் ஏற்றுமதி செய்பவர்கள் இதற்கு ஆள் தேடுகிறார்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளும் கையிலுள்ள செல்பேசியும் இருந்தால் ஒரு மாணவர் தன் ஊர்த் தோப்புகளை வரைந்து பழகலாம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கை குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் தன் ஊர் முழுவதையும் அப்படி வரைந்தாள். அவளுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது அந்த வரைபடம்தான்.

வெளிநாட்டில் மேல்படிப்புக்குப் பின்லாந்தில் ஜோயன்சூ நகரம், ஜெர்மனியில் ஃபிரைபர்க் போன்ற இடங்கள் இந்தத் துறைக்குப் பெயர் பெற்றவை. அங்கே போன என் வகுப்புத் தோழி சொன்னது: புள்ளியியலும், ஒரு பொருள் காட்டிலிருந்து குப்பை வரை என்னென்ன பாதிப்பு ஏற்படுத்துகிறது என்று கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடும் தெரியாமல் போனால் முதல் பருவம் மூச்சு முட்டும். மரத்தை அங்கே செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள், அதைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்று பிரித்து, துணியிழைக்கு ஒன்று, பசைக்கு ஒன்று என்று அனுப்புகிறார்கள். காகித ஆலையில் மரக்கூழ் எடுத்தபின் மிஞ்சும் கருப்புச் சாறு நம் ஊரிலும் ஆலைக்குள் எரிபொருளாகத்தான் பயன்படுகிறது. அதிலுள்ள லிக்னினை வேறு எதற்கெல்லாம் எடுக்கலாம் என்பது அவளுடைய ஆய்வு. வேதியியலில் பிடிப்பு உள்ளவர்களுக்கு அந்தப் பாதை. எனக்கு மண்ணில் நிற்பதில்தான் மனம்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். தோப்பில் நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை இது. கழிப்பறை இருக்காது, மாலை பஸ் தவறினால் சிக்கல். நான் முதல் ஆண்டிலேயே இருசக்கர வண்டி ஓட்டக் கற்றேன், எந்தத் தோப்புக்குப் போனாலும் அந்த ஊரில் ஒரு பெண்மணியை முதலில் பழக்கம் செய்துகொண்டேன். அந்த அக்காக்களால் வேலையும் நடந்தது. கன்று வளர்ப்பதும் பட்டை உரிப்பதும் முந்திரி பொறுக்குவதும் அவர்கள்தான். தோப்பின் உண்மையான விவரம் அவர்களிடம் இருக்கிறது, விலை பேசும் இடத்தில் மட்டும் அவர்களைக் காணோம்.

சென்ற தை மாதம், பக்கத்துத் தெருப் பெரியம்மா வந்து கூப்பிட்டார். மகனுக்கு வீடு கட்ட வேண்டும், வாசலில் நிற்கும் பலாவை எடுத்தாக வேண்டும், விறகுக்காரர் நாளை வருகிறார் என்றார். நாடாவோடு போனேன். அடிமரம் நேராக இருந்தது. தட்டிப் பார்த்தேன், பொந்து இல்லை. படம் எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். பெரியம்மாவுக்குத் தயக்கம்தான், "நல்ல நாள் போய்விடுமே" என்றார். மூன்றாம் நாள் பட்டறைக்காரர் தன் மகனோடு வந்து, மரத்தைச் சுற்றி நடந்து, அடியிலிருந்து ஐந்தடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அதற்கு மேல் இன்னொரு ஐந்தடியில் ஒரு கோடு. அறுத்ததும் மஞ்சள் வைரம் தெரிந்தது. வெட்டுவாயில் வெடிப்பு விடாமலிருக்க உடனே மெழுகு பூசினார்கள். பெரியம்மா அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் வீணை முடிந்ததும் ஒரு முறை கேட்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னார். மரம் காயவே வெகு நாளாகும் என்றார் பட்டறைக்காரர். "ஆகட்டும், நான் இருப்பேன்" என்றார் பெரியம்மா.

கிளைகளை விறகுக்காரரே எடுத்துக்கொண்டார். எடை போட்டுத்தான்.